கையில் பாவு, வாயில் கல்லூரி

"நான் இன்ஜினியரிங் போகல."

இதைச் சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரம் விடியற்காலை. இடம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் நட்ட நடு. பாதித் தெருவை அடைத்துக்கொண்டு அரக்கு நிறப் பாவு நீட்டியிருந்தது. அதன் ஒரு முனை தெருக்கோடிக் கம்பத்தில் கட்டியிருந்தது. மறுமுனையை அப்பா இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றிருந்தார். நடுவில் அம்மா, சேகர் மாமா, எதிர்வீட்டு சரோஜா அக்கா, அவர் மகன் சுரேஷ் அண்ணன், நான். இழைகளுக்கு ஊடே செருகிய குச்சிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தோம்.

பாவு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிறீர்களே பட்டுச்சேலை, அதில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றும் முன் அதைத் தெருவில் நீட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். வீட்டு ஆட்கள் போதாது. அக்கம்பக்கம் எல்லோரும் வந்து பிடிப்பார்கள். நாளை அவர்கள் பாவுக்கு நாம் போக வேண்டும். நீட்டிய பாவை நடுவில் யாராவது கைவிட்டால் மொத்தமும் தொய்ந்து சிக்கலாகிவிடும். மூன்று சேலைக்கான பட்டு அது. ஆகவே பாவு பிடித்தவர்கள் கையை விட மாட்டார்கள். வாயைத்தான் விடுவார்கள்.

என் திட்டம் இதுதான். அப்பாவின் இரண்டு கைகளும் வேலையாக இருக்கும்போது விஷயத்தைச் சொல்லிவிடுவது. அப்பா என்னை அடித்ததே கிடையாது. ஆனால் அதற்கு முன் நான் இன்ஜினியரிங் வேண்டாம் என்று சொன்னதும் கிடையாது.

"பின்ன?" என்றார் அப்பா.

"கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ். பி.ஏ. ஹிஸ்டரி."

"எங்க?"

"திருமுக்கூடல் பக்கத்துல."

சரோஜா அக்கா தலையைத் தூக்கினார். "அங்க காலேஜ் இருக்குதா?"

இருந்தது. அந்தக் கல்லூரியைப் பற்றி அன்றைய தேதியில் உறுதியாகச் சொல்லக்கூடிய பெருமை அது ஒன்றுதான்.

மாமாவின் பை

அவசரம் ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு சேகர் மாமாவைச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் தம்பி. அவருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "கல்வித்துறை" என்பாள். நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பிள்ளை பிடித்துக் கொடுப்பதுதான் அந்தத் துறை. கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்தக் கல்லூரிக்கே தன் பெயர் நிச்சயமில்லை, இரண்டு முறை மாற்றிக்கொண்டுவிட்டது.

இந்தப் பத்திரிகையில் போன வாரம் எழுதிய கட்டுரையில் என் பிளஸ் டூ மதிப்பெண்ணை எழுதாமல் விட்டதற்காக அம்மா போனில் கோபித்துக்கொண்டாள். நல்ல மதிப்பெண், வாசகர்களே. தெருவிலேயே முதல். மாமாவுக்கு அது போதும். ரிசல்ட் வந்த அன்றே டி.சி., மார்க் ஷீட் எல்லாவற்றையும், "எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும் பாப்பா" என்று வாங்கித் தன் கறுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பை அவர் தோளிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை. பாவு பிடித்துக்கொண்டிருந்தபோதும் தோளில்தான் இருந்தது.

அன்று பத்து மணிக்கு அவர் அந்தக் கல்லூரிக்குப் போய் என் அசல் சான்றிதழ்களை ஒப்படைப்பதாக இருந்தது. உள்ளே போன சான்றிதழ் நான்கு வருடம் கழித்துத்தான் வெளியே வரும். அரசுக் கல்லூரியில் சேரக் கடைசி நாள் மறுநாள். ஆகவே அன்று காலை பேசவில்லை என்றால் நான் இன்ஜினியர்.

அந்தக் கல்லூரியைப் பார்க்க மாமா எங்களை ஏற்கெனவே அழைத்துப் போயிருந்தார். வாசலில் ஒரு வளைவு. அத்தனை பெரிய வளைவுக்குப் பின்னால் கல்லூரி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே வேலை கிடைத்தவர்களின் படங்கள் ஒட்டிய சுவர். அதில் எங்கள் எதிர்வீட்டு சுரேஷ் அண்ணன், இரவல் கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை கிடைத்தது உண்மைதான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டுகிறார். கோட்டு திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் டை கட்டியிருந்தார். ஆய்வகத்தில் ஓர் இயந்திரத்தைக் காட்டி, "இது என்ன பண்ணும் சார்?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஜப்பான், ஜெர்மனி எல்லாம் அதில் வந்தது. அப்பா மெய்மறந்து கேட்டார். இயந்திரத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் அவர் சொன்ன பெயர் இல்லை, வேறு ஏதோ பெயர் இருந்தது. நூலகம் பூட்டியிருந்தது. "புக்ஸ் எல்லாம் புதுசு மேடம், கை பட்டா வீணாயிடும்" என்றார் அம்மாவிடம். அம்மாவுக்கு அந்தப் பொறுப்புணர்ச்சி மிகவும் பிடித்துப்போனது.

எல்லாம் தெரிந்த ஊர்

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த எனக்கு அவரைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம்தான் வந்தது.

எங்கள் ஊரில் "தெரியாது" என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் எந்த முனையில் நின்று எதைக் கேட்டாலும் பதில் உண்டு. ஆட்டோக்காரர் சொல்வார், பூக்கடை அம்மா அதைத் திருத்துவார், கேட்காமலே மூன்றாவதாக ஒருவர் வந்து இருவரும் சொன்னது தப்பு என்பார். மூவரும் சொன்ன மூன்று திசைகளில் எதிலாவது நீங்கள் தேடுவது இருக்கும். இல்லாவிட்டாலும் ஒரு கோயில் இருக்கும், கும்பிட்டுவிட்டு வரலாம்.

சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தி உத்திரமேரூருக்குக் குறுக்கு வழி கேட்டது. அப்பா தறியிலிருந்து எழுந்து போய் விளக்கமாகச் சொல்லி அனுப்பினார். மாலையில் அதே கார் எதிர்த்திசையிலிருந்து அதே தெருவுக்குள் வந்தது. அப்பா மறுபடி எழுந்து போய், "நான் சொன்ன மாதிரி நீங்க போவல" என்று கண்டித்தார்.

அப்பா பெயர் ஏகாம்பரம். எங்கள் வீட்டில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. மழை வருமா, எந்தக் கட்சி ஜெயிக்கும், அடுத்த ஓவர் யார் போடவேண்டும், எல்லாம் தெரியும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் சீட்டை வாங்கிப் பார்த்து, "கரெக்டாதான் எழுதிக்கிறாரு" என்று அனுமதி கொடுப்பார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்ணை அவர் திருத்தாத நாள் இல்லை. பாவம், அந்தப் பெண்ணுக்குக் கேட்காது.

தறியில் உட்கார்ந்தால் அவருக்கு உண்மையிலேயே எல்லாம் தெரியும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தறியை விட்டு எழுந்த பிறகும் அது தொடர்கிறது என்று அவர் நினைத்ததுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. என் படிப்பைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் கேட்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

ஜன்னலுக்கு வெளியே

இப்போது அந்த ஆர்ட்ஸ் காலேஜ்.

ரேவதி என் பள்ளித் தோழி. அவள் ஊர் திருமுக்கூடல் பக்கம். தன் ஊருக்கு அருகில் இருக்கும் அரசுக் கல்லூரியில் சேர்வது பற்றி விசாரிக்கப் போகிறாள், துணைக்கு வா என்றாள். ஒரு துணையாகத்தான் போனேன். செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி, இறங்கி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் அது. நாங்கள் போன அன்று மூன்று ஆறுகளும் விடுப்பில் இருந்தன. மணல் மட்டும் பணியில் இருந்தது.

கல்லூரி ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. பலகையில் கல்லூரியின் பெயருக்கு அடியில் பள்ளியின் பெயர் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. பெஞ்சுகளும் பள்ளியினுடையவைதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்தவை. கல்லூரி மாணவர்கள் அவற்றில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுச்சுவர் கிடையாது. ஓர் ஆடு தாவரவியல் துறை வழியாக உள்ளே வந்து வணிகவியல் துறை வழியாக வெளியே போனது. யாரும் அதன் கல்வியில் தலையிடவில்லை.

ரேவதி அலுவலக வரிசையில் நின்றாள். நான் நிழல் தேடிப்போய் ஒரு வகுப்பறை ஜன்னலோரம் நின்றேன்.

உள்ளே ஓர் ஒல்லியான ஆசிரியர். சட்டைப் பையில் மை கசிந்திருந்தது. மணிவண்ணன் சார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருக்கும் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் அங்கே ஒரு கல்லூரி இருந்ததாம். மாணவர் விடுதி, மருத்துவமனை எல்லாம் இருந்ததாம். யாருக்கு எவ்வளவு சோறு, என்ன மருந்து, விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்று சோழர் காலத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்கக்கூட எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை அவர் சொன்னபோது, அந்த வளாகத்தில் குழாய்த் தண்ணீர்கூட வரவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். ஆயிரம் வருட முன்னேற்றம்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், சனிக்கிழமையா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்ல ஆம்பளைங்கதான் சார் சனிக்கிழமை எண்ண தேச்சிக் குளிப்பாங்க. நாங்கல்லாம் வெள்ளிக்கிழமை. அப்ப அந்தக் காலேஜ்ல பொண்ணுங்களே இல்லையா சார்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி" என்றும் சொல்லவில்லை. பதில் தெரியாத ஆசிரியர்கள் சொல்லித் தப்பிக்கும் வாசகம் அது. கையில் சாக்பீஸோடு அவள் பெஞ்சுப் பக்கம் இரண்டடி வந்தார்.

"தெரியலமா" என்றார்.

பிறகு மெதுவாக, "இல்லன்னுதான் நெனைக்கிறேன். வேதம் படிச்ச எடம், பொண்ணுங்கள எங்க விட்டிருக்கப் போறாங்க. ஆனா நீ கேக்கற மாதிரி எண்ணெய வெச்சி அதைச் சொல்ல முடியுமா? வெள்ளி, சனின்ற பழக்கம் அப்பவே இருந்துதா? தெரியல. பாத்துட்டு நாளைக்கி வந்து சொல்றேன்" என்றார். அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டார்.

எனக்கு அப்போது என்ன ஆனது என்று சரியாகச் சொல்ல வேண்டும். அழுகை வரும்போல் இருந்தது. பெரிய மனிதர் ஒருவர், அதுவும் கையில் சாக்பீஸ் வைத்திருக்கிற மனிதர், அத்தனை பேர் முன்னால் தனக்குத் தெரியாது என்கிறார். சொல்லிவிட்டு வெட்கப்படவும் இல்லை. கூரை இடிந்து விழவில்லை. அடுத்த பத்திக்குப் போய்விட்டார். இப்படி ஒரு காரியம் செய்ய முடியும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ரேவதி பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நாளைக்கு அவர் வந்து என்ன சொல்வார்? அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் அதற்கு என்ன கேட்பாள்? நாளைக்கு நான் அந்த அறையில் இருக்க வேண்டும். எதிர்காலம், லட்சியம், நாட்டுக்குச் சேவை எல்லாம் பேட்டிகளில் சொல்வதற்கு. நான் கல்லூரி தேர்ந்தெடுத்த காரணம் எண்ணெய்.

தெருவே கல்லூரிக் கவுன்சிலிங்

மறுபடியும் பாவுக்கு வருவோம்.

என் திட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அப்பாவால் கையை விட முடியாது என்று யோசித்த நான், என்னாலும் விட முடியாது என்பதை யோசிக்கவில்லை. நடுப்பாவில் என் கையில் ஒரு குச்சி. அதைப் போட்டுவிட்டு ஓடினால் மூன்று சேலை நாசம். நெசவாளி வீட்டுப் பெண் செய்யக்கூடாத முட்டாள்தனம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி பாவு சுருட்டும் வரைக்கும் எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அம்மா ஆரம்பித்தாள். "எல்லாரும் கிராமத்துல இருந்து டவுனுக்குப் படிக்க வராங்க. நீ டவுன்லருந்து கிராமத்துக்குப் போவியா? காலி பஸ்ஸு போற பக்கம் போயிக்கினு இருந்தா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"உக்காந்து போலாம்னு நெனைப்பாங்க" என்றேன். அது எடுபடவில்லை.

"ஹிஸ்டரின்றது முடிஞ்சி போன விஷயம் பாப்பா" என்றார் மாமா. தோளில் பை ஆடியது. "முடிஞ்சதைப் போயி யாராவது படிப்பாங்களா? நாளைக்கி வரப்போறத படிக்கணும். ஏ.ஐ., டேட்டா சயின்ஸ். எல்லாம் பேசி வெச்சிருக்கிறேன்."

"ஹிஸ்டரி படிச்ச பொண்ணுக்கு மாப்பிள கெடைக்காதுமா" என்றார் சரோஜா அக்கா. "எனக்குத் தெரிஞ்சே எத்தினியோ கேஸு இருக்குது."

"ஒண்ணு சொல்லுங்கக்கா" என்றேன்.

"இருக்குதுன்றேன் இல்ல?"

மாமா சுரேஷ் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு சுரேசு. இன்ஜினியரிங் எப்பிடி?"

சுரேஷ் அண்ணன் பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒரு இழை அறுந்திருக்குது" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். அந்த ஓர் இழையை முடிய அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு முந்தானையே நெய்திருக்கலாம்.

இதற்குள் காதர் பாய் வந்து சேர்ந்தார். எங்களுக்கு ஜரிகை தருகிற வியாபாரி. அவர் தாத்தா எங்கள் தாத்தாவுக்கு ஜரிகை கொடுத்தவர். தெருவை மறித்துப் பாவு கிடந்ததால் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"இன்னா ஏகாம்பரம், நாஷ்டாவுக்கு முன்னாடியே தெருவுல மஜ்லிஸ் கூடிடுச்சி?"

அம்மா விஷயத்தைச் சொன்னாள். காதர் பாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேணாம்மா. என் தங்கச்சி பையன் துபாய்ல இருக்கிறான். அங்க ஹிஸ்டரி படிச்சவன் ஒருத்தனக்கூட பாத்தது இல்லன்றான்."

அப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கால் கட்டை விரலை மண்ணில் அழுத்தி, பாவை இழுத்துப் பிடித்தபடி நின்றார். சாயப்பட்டறைப் பக்கமிருந்து புளித்த வாடை வந்தது. கூரைக்கு மேல் வெளிச்சம் பரவ ஆரம்பித்திருந்தது.

"ஏம்மா அந்தக் காலேஜி?" என்றார் கடைசியில்.

இந்தக் கேள்விக்காக ஒரு வாரம் தயார் செய்து வைத்திருந்தேன். அரசுக் கல்லூரி, போட்டித் தேர்வு, கலெக்டர், எல்லாம் மனப்பாடம். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. எண்ணெய்தான் வந்தது. கல்வெட்டு, சனிக்கிழமை, கடைசி பெஞ்சுப் பெண் கேட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சார் தெரியவில்லை என்றதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால், ஒன்றும் தெரியாத வாத்தியாரிடம் எதற்குப் படிக்கவேண்டும் என்று மாமா முடித்துவிடுவார்.

பிறகு தெரு தன் வேலையைக் காட்டியது.

"பொம்பளைங்களுக்கு எண்ண வீட்லயே இருக்கும். ராஜா எதுக்குத் தரணும்?" என்றார் சரோஜா அக்கா. "பொண்ணுங்க படிச்சிருப்பாங்க. எண்ண மட்டும் வீட்லருந்து எடுத்துக்கினு போயிருப்பாங்க."

"சோழர் காலத்துல சனிக்கிழமையே கெடையாதுக்கா" என்றார் மாமா. "அது வெள்ளக்காரன் கொண்டாந்தது."

"அப்ப சனீஸ்வரன் எப்படா வந்தாரு? கப்பல்லயா?" என்றாள் அம்மா. தன் தம்பியை அம்மா எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

காதர் பாய் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிவிட்டார். "இருங்க. எங்க வீட்ல ஆம்பளைங்க நாங்க வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு முன்னாடி தல முழுவறோம். உங்க வாத்தியாரு எங்கள எந்தக் கணக்குல சேப்பாரு? கெழமைய வெச்சி ஆம்பள பொம்பள சொல்ல முடியாதும்மா."

"அது உங்க வழக்கம் பாய்" என்றார் மாமா.

"அவங்க வழக்கம் இன்னான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

சுரேஷ் அண்ணன் நிமிர்ந்தார். "விடுதியில தங்கிப் படிச்சவங்களுக்குத்தான எண்ண? தெனம் வீட்லருந்து வந்து போனவங்க கணக்கு அதுல இருக்குதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டுக்கடையில் உட்கார வைத்து வீணடித்திருக்கிறார்கள்.

என் கல்லூரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் மாப்பிள்ளையையும் மறந்துவிட்டார்கள். எண்ணெயை விட்டு யாரும் இறங்கிவருவதாக இல்லை. கடைசியில் காதர் பாய்தான் தீர்ப்புக்கு விட்டார்.

"ஏகாம்பரம், நீ சொல்லுப்பா. பொண்ணுங்க இருந்தாங்களா இல்லியா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் பதிலில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தார்கள் அல்லது இல்லை, ஏதோ ஒன்றை அடித்துச் சொல்வார், எண்ணெய் அத்தோடு தீர்ந்தது, நான் பத்து மணிக்கு இன்ஜினியர்.

அப்பா பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கு இழைகளின் மேல் முதல் வெயில் விழுந்திருந்தது.

"தெரியல" என்றார்.

அம்மாவின் குச்சி நழுவி, சரோஜா அக்கா எட்டிப் பிடித்தார். காதர் பாய் காது சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் ஓர் அடி முன்னால் வந்தார். அப்பாவுக்கே அந்தச் சொல் புதிதாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிவிட்டு இன்னொரு முறை சொன்னார். "எனக்குத் தெரியல பாய்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க வாத்தியாரு இன்னா சொன்னாரு?"

இனி மறைக்க எதுவும் இல்லை. "அவருக்கும் தெரியலப்பா. பாத்துட்டு வந்து மறுநாளு சொல்றேன்னாரு."

"மறுநாளு இன்னா சொன்னாரு?"

"எனக்கு எப்பிடிப்பா தெரியும்? நான் ஜன்னலுக்கு வெளிய இல்ல நின்னுக்கினு இருந்தேன்."

அப்பா தொய்ந்திருந்த பாவை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார்.

"அப்ப உள்ள போயி உக்காந்து கேட்டுக்கினு வா" என்றார்.

"மாமா, பத்து மணிக்கி நான் அங்க..." என்று சேகர் மாமா அப்பாவிடம் ஆரம்பித்தார்.

"பைய வெச்சிட்டு டிபன் சாப்ட்டுட்டுப் போ சேகரு. வெயில் ஏறுது, சுருட்டுங்க."

நான் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. "தலைய அப்பால திருப்பிக்கினு அழுவு பாப்பா" என்றார் சரோஜா அக்கா. "பட்டுல தண்ணி பட்டா கறை வுழும்." தலையைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

எண்ணெய் என்ன ஆயிற்று

மறுநாள் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த பெஞ்சில் மூன்று வருடமும் முழங்கால் இடித்தது. ஆடு தவறாமல் வந்தது. முதலுதவிப் பெட்டி ஒன்று இருந்தது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது இறுதி ஆண்டு வரை ஆய்வில் இருந்தது. வரலாற்று வகுப்பில் பையன்களைவிடப் பெண்கள் அதிகம். யாருக்கும் யாரும் எண்ணெய் தரவில்லை.

முதல் வாரத்திலேயே மணிவண்ணன் சாரிடம் கேட்டுவிட்டேன். "ரெண்டு புஸ்தகம் பாத்தேன்மா" என்றார். "பொண்ணுங்க இல்லன்னு ரெண்டுலயும் போட்டிருக்குது. எப்பிடித் தெரியும்னு ரெண்டுலயும் போடல." கரும்பலகையின் மூலையில் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது. பலகையைத் துடைப்பவர்கள் அதைச் சுற்றித் துடைத்தார்கள். காதர் பாயின் வெள்ளிக்கிழமையையும் சுரேஷ் அண்ணனின் விடுதிக் கணக்கையும் நான் சொன்னேன். சார் இரண்டையும் கட்டத்துக்குள் சேர்த்து எழுதிக்கொண்டார். இதைச் சொன்னபோது சுரேஷ் அண்ணன் என்னிடமிருந்து முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்பா ஒருநாளும் என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. நான் பஸ் இறங்கி வீட்டுக்குள் வரும்போது தறியிலிருந்து ஒரே கேள்விதான் வரும். "எண்ண விஷயம் தெரிஞ்சிதா?" செய்தி வாசிக்கும் பெண்ணைத் திருத்துவதை அவர் நிறுத்திவிட்டார் என்று சொன்னால் பொய். அவள் தலைவிதி மாறவில்லை.

மூன்று வருடம் முடிந்தது. கடைசித் தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று சேகர் மாமா வீட்டில் இருந்தார். இப்போது அவர் ஒரு பி.எட். கல்லூரியின் கல்வித்துறை. புதுப் பை, பழுப்பு நிறம்.

"அக்கா, படிப்புதான் முடிஞ்சிதே" என்றார் அம்மாவிடம். "ஒண்ணு பி.எட். சேத்துடு. இல்ல, ஒரு நல்ல எடம் இருக்குது, மாப்பிள இன்ஜினியரு. போட்டோ கொண்டாந்திருக்கிறேன்." பையின் ஜிப்பைத் திறந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன். மூன்று வருடம் முன்னால் தெருவில் இருந்த அதே பயம் மறுபடி வந்தது. இந்த முறை தெருவில் பாவு நீட்டியிருக்கவில்லை.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, வந்துட்டியா? எண்ண விஷயம் தெரிஞ்சிதா?"

"இன்னும் இல்லப்பா."

தறி நின்றது.

"அப்ப படிப்பு எப்பிடி முடிஞ்சிதாவும்?" என்றார் அப்பா. "மேல படி."

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. மாமா பையை மூடினார்.